டப்பாப் பால்

தேனிக்கு என்ன சோலியான்னா கேக்குறீங்க? ஒரு சோலியும் இல்ல தம்பி. தேனியில எறங்குவேன், பஸ்ஸ்டாண்டுல ஒரு டீ குடிப்பேன், அடுத்த கம்பம் வண்டியப் புடிச்சுத் திரும்பி வந்துருவேன். நேத்தும் இப்படித்தான், முந்தாநாளும் இப்படித்தான். வீட்ல இருக்க முடியல. வீடுன்னா நல்ல வீடு, காத்தோட்டமான வீடு, சமைச்சுப் போட மக இருக்கா. அவ இருக்கறதாலதான் இருக்க முடியல. என்னாடா இந்த ராவுத்தரு பெத்த மகளப் பத்தி இப்படிப் பேசுறாருன்னு பாக்காதீங்க. பெத்த மகளா இருந்தாத்தான் ஒரு தொல்லையும் இல்லயே!

நம்ம பேரு உதுமான் அலி. கம்பத்துல வந்து பர்தாக்கடை உதுமான்னு கேட்டா சின்னப் புள்ளையும் கையக் காட்டும். சவுதியில, தம்மாமுல, ஒரு அரபிக்காரன் துணிக்கடையில நின்னவன் நான். அங்க பாத்துட்டு வந்துதான் இங்க கடை போட்டேன். அதுக்கு முன்னால எங்க தெருவுல என்னா இருந்துச்சுங்கிறீங்க? சேலை முந்தானைய எடுத்துத் தலையில போட்டுக்கிட்டுப் பொம்பளைங்க சந்தைக்குப் போவாங்க. காத்தடிச்சா எறங்கும், இழுத்து விட்டுக்குவாங்க, மறுபடி எறங்கும். அம்புட்டுத்தான் பர்தா. நான் வந்துதான் தலையிலருந்து கால் வரைக்கும் கறுப்புல, தோளும் தெரியாம இடுப்பும் தெரியாம, நல்ல துணியா எறக்கினேன். இன்னைக்கு எங்க தெருவுல முக்காவாசிப் பொம்பளைங்க என் துணியிலதான் நடக்குறாங்க. பெருமைக்குச் சொல்லல. பெருமைதான், சொன்னா என்னா?

என் வீட்டுக்காரி சபுரா மட்டும் லேசுல போட மாட்டேன்னா. "எங்கம்மா கடைசி வரைக்கும் முந்தானையத்தான் தலையில போட்டுக்கிட்டாங்க. அவங்களுக்கு வெக்கம் இல்லையா, ஈமான் இல்லையா?"ன்னு கேட்டா. ஈமான்னா இறை நம்பிக்கை. நான் விடுவேனா? "உங்கம்மா புருசன் பர்தாக்கடையா வச்சிருந்தாரு?"ன்னேன். போட்டுக்கிட்டா. சித்திரை வெயில்ல கழுத்தெல்லாம் வேர்க்குருவாக் கெடக்கும், பவுடரப் போட்டுக்கன்னு சொல்லுவேன். நல்ல மனுசி தம்பி. ஒரு சொல்லு எதுத்துப் பேச மாட்டா.

எங்களுக்குப் புள்ளை இல்ல. பாக்காத டாக்டர் இல்ல, போகாத தர்கா இல்ல, அதெல்லாம் சொன்னா தேனி வரைக்கும் பத்தாது. எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா, ஜொகரா. போடியில கட்டிக் குடுத்தது. எங்க சொந்தத்துல ஒரு கல்யாணம். பொண்ணுக்குப் பூ வைக்கப் போனா சபுரா. இந்த ஜொகரா, வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு, நாலு பேரு காதுல விழுகுற மாதிரி, "மலடி எதுக்கு மொதல்ல வந்து நிக்கணும்?"னுட்டா. சபுரா கையில இருந்த பூ தட்டுலயே விழுந்துருச்சு. நான் பந்தியில உக்காந்திருந்தவன் எந்திரிச்சு வந்துட்டேன். அன்னைக்கோட அவ உறவ அறுத்தேன்.

அப்புறம் என்னா ஆச்சுன்னா, கோயமுத்தூர்ல சபுராவோட தங்கச்சிக்கு அஞ்சாவதும் பொண்ணாப் பெறந்துச்சு. "ராத்தா, நீ எடுத்துக்கிறியா?"ன்னு கேட்டுட்டா. கேக்கணுமா? நான் கார் வச்சுப் போயி எடுத்துட்டு வந்தேன். தொப்புள் கொடி கூட விழுகல. என் இந்த ரெண்டு கைக்குள்ள அடங்கிருச்சு. முபீனான்னு பேரு வச்சேன்.

அதே மாசத்துலதான் ஜொகராவுக்கும் புள்ளை பெறந்து, பெறந்த வேகத்துலயே மவுத்தாப் போச்சு. மவுத்துன்னா சாவு. ஊருல எல்லாரும் சொன்னாங்க, "ஆண்டவன் பாத்துப் போட்ட முடிச்சு இது, அவகிட்டப் பால் இருக்கு, உங்க வீட்ல புள்ளை இருக்கு"ன்னு. அவளே வந்துட்டா தம்பி. போடியிலருந்து பஸ் ஏறி, பச்ச ஒடம்போட, எங்க வாசல்ல வந்து நிக்கிறா. என்கிட்டப் பேசல, சபுராகிட்டத்தான் சொன்னா, எனக்குக் கேட்டுச்சு. "மைனி, மாரு கட்டிக்கிட்டுக் காய்ச்சலா வருது. அந்தப் புள்ளைக்கு ஒரு வாய் குடுத்துக்கிறேனே"ன்னா.

எனக்கு வந்துச்சு பாருங்க. உள்ள போயி பால் டப்பாவ எடுத்துட்டு வந்து அவ மூஞ்சிக்கு நேரா ஆட்டிக் காமிச்சேன். "மலடி வீட்டுப் புள்ளைக்கு இது இருக்கு, நீ போயிட்டு வா"ன்னேன். எப்படி? சரியான பேச்சுல்ல? என் பொண்டாட்டியச் சொன்ன வாயிக்கு அது வேணுமா வேணாமா? நெஞ்செல்லாம் ஈரமா இருந்துச்சு, முந்தானைய இழுத்து மறைச்சுக்கிட்டு எறங்கிப் போயிட்டா. சபுரா அடுப்படியில உக்காந்து அழுது தீத்துட்டா. புருசன் நமக்காக இப்படி நிக்கிறானேங்கிற அழுகை.

டப்பாப் பால் கலக்குற பக்குவத்த என்னைக் கேளுங்க தம்பி. கடையில யாவாரம் நடந்துக்கிட்டு இருக்கும், நான் வீட்டுக்கு ஓடியாந்து புள்ளைக்குப் பாலக் கலக்கிக் குடுத்துட்டு ஓடுவேன். சபுராவக் கூட நம்ப மாட்டேன், சூடு ஜாஸ்தியா வச்சுருவாளோன்னு. தலை சீவி விட்டது நான். பள்ளிக்கூடத்துக்கு வண்டியில கொண்டு போயி விட்டது நான். காய்ச்சல்னா என் நெஞ்சு மேலதான் படுப்பா, வேற எங்க போட்டாலும் அழுகும்.

அவ ஓடியாடுற வயசுலயே மிச்சத் துணியில சின்னதா ஒரு பர்தா தச்சுப் போட்டேன். என்னா அழகுங்கிறீங்க! கடைக்கு வர்ற பொம்பளைங்க எல்லாம் தூக்கித் தூக்கிக் கொஞ்சுவாங்க, போகும்போது அவங்கவங்க புள்ளைக்கும் ஒண்ணு தச்சுக் கேப்பாங்க. வயசுக்கு வந்ததும் மொகத்தையும் மூடுன்னுட்டேன். கண்ணு மட்டும் தெரிஞ்சாப் போதும். சபுரா கூட, "மொகத்த விட்ரலாம்னு சொல்ற அசரத்துமாரும் இருக்காங்களேங்க, சின்னப் புள்ளை, மூச்சு முட்டாதா"ன்னா. "அன்னிய ஆம்பளை பாக்குறதுக்கா இந்த மொகத்த ஆண்டவன் படைச்சான்?"னு கேட்டேன். கடைக்கு வர்ற எல்லாத்துக்கும் இதத்தான் சொல்லுவேன். இந்த ஒரு வார்த்தையிலயே எத்தனையோ துணி ஓடியிருக்கு.

அவளும் அடம் புடிக்கலங்க. புடிச்சுத்தான் போட்டா. மத்தப் புள்ளைங்க மாதிரி தெருமுக்கு தாண்டினதும் கழட்டிப் பையில வைக்கிற சோலியெல்லாம் அவகிட்டக் கெடையாது. ஒரு தடவ சொன்னா, "இதப் போட்டுக்கிட்டா அல்லா என்னைப் பாத்துக்கிட்டே கூட வர்ற மாதிரி இருக்கு அத்தா"ன்னு. அத்தான்னா எங்கள்ல அப்பா. எனக்கு அப்படியே குளுந்து போச்சு. இவளப் பெரிய படிப்புப் படிக்க வச்சுப்புடணும்னு ஆலிமா மதரஸாவுல கொண்டு போயிச் சேத்தேன். மார்க்கப் படிப்பு. தங்கிப் படிக்கணும். எங்க தெருவுல மொத ஆலிமா என் மகதான் ஆகணும்னு எனக்கு ஒரு வெறி.

அங்கதான் தம்பி எனக்கு ஆப்பு வச்சாங்க.

பெருநா லீவுக்கு வந்திருந்தா. மறுநாளு மத்தியானம், எனக்கு அவதான் சோறு போடுறா. கறியப் போட்டுக்கிட்டே கேக்குறா, "அத்தா, என்னை எடுத்துட்டு வந்தப்ப குப்பிக்குப் புள்ளை பெறந்திருந்துச்சாமே?" குப்பின்னா அத்தை, என் தங்கச்சி ஜொகராவத்தான் கேக்குறா.

"ஆமா, அதுக்கென்ன?"ன்னேன்.

"குப்பி எனக்குப் பால் குடுத்தாங்களா அத்தா?"

நான் சோத்துக் கையோட நிமிந்து உக்காந்துட்டேன். புள்ளை எதுக்குக் கேக்குதுன்னு தெரியாமப் போச்சே! அவ பாலக் குடிச்சு வளந்தேனோன்னு கூச்சப்பட்டுக் கேக்குதாக்கும்னு நெனச்சுட்டேன். "ஒரு சொட்டு இல்ல! வாசலோட அனுப்பிட்டேன்ல! எவ பாலும் உன் நாக்குல படல, டப்பாப் பால்லயே ராணி மாதிரி வளத்தேன்"னேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அத்தா. ஒரே ஒரு வாய். நீங்க கடைக்குப் போயிருந்தப்ப அம்மா குடுக்க விட்டிருப்பாங்களோ?"

"உங்கம்மாவா? நான் வேணாம்னு சொன்னத உங்கம்மா செய்வாளா? அந்தா நிக்கிறா, கேளு."

சபுரா தலையக் குனிஞ்சுக்கிட்டு இல்லைன்னு ஆட்டினா. முபீனா எனக்கு இன்னொரு கரண்டி கறி போட்டா. போட்டுட்டு என்னையே பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. "என்னாடி, அத்தாவப் பாத்ததே இல்லயா?"ன்னு சிரிச்சேன். அவ சிரிக்கல, எந்திரிச்சுப் போயிட்டா. சாயந்தரம் அசர் தொழுதுட்டு நான் வீட்டுக்கு வாறேன், தலையிலருந்து கால் வரைக்கும் மூடி, மொகத்தையும் மூடிக்கிட்டு நிக்கிறா. "எங்கம்மா கெளம்பிட்ட?"ன்னேன். "எங்கயும் கெளம்பல அத்தா"ன்னா.

உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். யாரக் கட்டிக்க மார்க்கத்துல தடையோ, அதாவது பெத்த அத்தா, கூடப் பெறந்தவன், தாய்மாமன், இவங்க முன்னால பொம்பளை மூட வேண்டியதில்ல. உங்க பக்கம் தாய்மாமன் கட்டிக்கலாம், எங்களுக்கு அது ஹராம். மத்தவன் எல்லாம் அன்னியம். வளத்தவன் எந்தக் கணக்குலயும் வர மாட்டான். ஆனா பால் குடுத்தா உறவு வந்துரும். ஜொகரா ஒரு மிடறு குடுத்திருந்தா இவ அவளுக்குப் பால் மக, நான் தாய்மாமன். ஒரு மிடறு போதும்னுதான் எங்க ராவுத்தமாரு வழியில சொல்றாங்க. ஒரே ஒரு மிடறு தம்பி.

"உங்களத் தப்பா நெனச்சு இல்ல அத்தா"ன்னு அந்தத் துணிக்குள்ளயே அழுகுறா. "அப்படி நெனச்சா என் கண்ணு அவிஞ்சு போகும். நேரம் வந்தாத் தொழுகுறோம்ல, யார் மேலயாச்சும் கோவப்பட்டா தொழுகுறோம்? இதுவும் அது மாதிரிதான். எனக்கும் அல்லாவுக்கும் உள்ளது"ங்கிறா. நான் கத்துறேன், குதிக்கிறேன். சபுரா என் கையப் புடிச்சுக்கிட்டு, "விடுங்க, அவ சொல்றது சட்டந்தானே"ங்கிறா. என்னா சட்டம்? எனக்குத் தெரியாத சட்டமா?

நேரா எங்க பள்ளிவாசல் அசரத்துகிட்டப் போனேன். அவரு தாடியத் தடவிக்கிட்டு, "பாய், புள்ளை சரியாத்தானே சொல்லுது? கடையில நீங்கதானே சொல்லுவீங்க, அன்னிய ஆம்பளைக்கு மொகத்தக் காட்டக் கூடாதுன்னு"ங்கிறாரு. "அது வேற விசயம், இது வேற விசயம் அசரத்து"ன்னேன். "என்னா வேற?"ங்கிறாரு. வேறதானே தம்பி? கடை விசயம் வேற, வீட்டு விசயம் வேற. அது கூட விளங்கல அந்த மனுசனுக்கு.

சரி, படிப்பு முடிஞ்சு அவ வீட்டோட வந்தப்புறமும், சபுரா இருந்த வரைக்கும் ஓடிச்சு. உள்ளருந்து சத்தம் வரும், "அத்தாவுக்குச் சீனி போதுமான்னு கேளும்மா"ன்னு. நான் போதும்னுவேன். நான் கூடத்துக்கு வந்தா அவ அடுப்படிக்குப் போயிருவா, நான் தொண்டையக் கனைச்சுட்டுத்தான் என் வீட்டுக்குள்ளயே நடக்கணும். மூடிக்கிட்டு வந்து பேசுவா, பேசாம எல்லாம் இருக்க மாட்டா. ஆனா அவ மூஞ்சி எப்படி இருக்குன்னே எனக்கு மறந்து போச்சு. இளைச்சாளா, கறுத்தாளா, ஒண்ணுந் தெரியாது. சபுராகிட்டக் கேப்பேன், "நல்லா இருக்காளா?" "நல்லாத்தான் இருக்கா"ன்னுவா. 

போன வருசம் சபுரா போயிட்டா. மாரடைப்பு. தொழுகப் பாய விரிச்சவ அது மேலயே சாஞ்சுட்டா. அவள நடுவூட்டுல கெடத்தி வச்சிருக்கு, முபீனா தலைமாட்டுல உக்காந்து ஓதுறா. நான் உள்ள போறேன். பக்கத்துல இருந்த பொம்பளைங்க விலகினாங்க. அவளும் எந்திரிச்சா. மூடிக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. தம்பி, எங்க ரெண்டு பேருக்கும் தம்பி அவ செத்தது. ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சு அழுகணும்ல? நான் சபுரா தலைமாட்டுல நின்னு அழுகுறேன், அவ அடுப்படியில நின்னு அழுகுறா. நடுவுல செவரு. எனக்கு அந்தச் செவத்துல மண்டைய முட்டிக்கலாமான்னு இருந்துச்சு.

நாப்பது ஓதி முடிச்ச மறுநாளே கோயமுத்தூர் சகலை போன் போட்டுட்டாரு. பெத்தவரு. "இனிமே தனி வீட்ல அவள எப்படி மச்சான் விட்டு வைக்கிறது? அன்னிய ஆம்பளையும் வயசுப் பொண்ணும்னு ஊரு பேசும். வந்து கூட்டிட்டுப் போறேன்"ங்கிறாரு. அஞ்சாவதும் பொண்ணான்னு அன்னைக்குத் திரும்பிக் கூடப் பாக்காத ஆளு. அன்னிய ஆம்பளைன்னு என்னையச் சொல்றாரு! அவளும் பெட்டியக் கட்டுறா. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, "போகத்தான் வேணுமாம்மா?"ன்னேன். "எனக்கும் போக மனசில்ல அத்தா. எனக்கு வேற வழி தெரியல. நீங்களே சொல்லுங்க"ன்னா.

அப்பத்தான் போடிக்குப் பஸ் ஏறினேன்.

ஜொகரா கெழவியாயிட்டா. தலைக்கு முந்தானையத்தான் போட்டிருந்தா, இன்னும் பர்தா எடுக்கல. நான் அதக் கண்டுக்காத மாதிரி உக்காந்து எல்லாத்தையும் சொன்னேன். கேட்டா. கேட்டுட்டு, "என்னைய என்னா செய்யச் சொல்ற?"ன்னா.

"ஒரு வாய் குடுத்தேன்னு சொல்லு. நீ அல்லாவ வச்சுச் சொன்னா அவ நம்புவா."

"பொய்யா?"

"ஒரே ஒரு வார்த்தை ஜொகரா. இல்லாட்டி புள்ளை போயிரும்."

எறங்கின முந்தானைய இழுத்துத் தலையில விட்டுக்கிட்டா. எனக்கா பயம். பழசத் தோண்டுவாளோ, டப்பாவ ஆட்டினியே அண்ணேன்னு கேப்பாளோன்னு. கேக்கல. "போனப் போடு"ன்னா.

போட்டுக் குடுத்தேன். "முபீனா, குப்பி பேசுறேன்டா"ன்னு ஆரம்பிச்சா. "அல்லா மேல ஆணையாச் சொல்றேன். உங்கத்தா கடைக்குப் போயிருந்தாரு. உங்கம்மா குளிச்சுக்கிட்டு இருந்தா. நீ தொட்டில்ல கெடந்து அழுத. நான் பின்வாசல் வழியா வந்து தூக்கினேன். தூக்கினதும் நீயே தேடின. மொதல்ல புடிக்கத் தெரியல உனக்கு, நழுவி நழுவிப் போச்சு. அப்புறம் புடிச்சுக்கிட்ட. உன் கை என் சேலைய இறுக்கிப் புடிச்சிருந்துச்சு, குடிச்சு முடிச்சும் விடல. உச்சந்தலையெல்லாம் வேர்த்திருந்துச்சு, ஊதி விட்டேன். கண்ண மூடிக்கிட்டே சிரிச்ச. உன்னைத் தொட்டில்ல திருப்பிப் போட எனக்கு மனசே வரலடா"ன்னு சொல்றா.

என்னா நடிப்புங்கிறீங்க! ஒரு வார்த்தை சொல்லுடின்னா ஒரு கதையே சொல்லிட்டா. நான் சொல்லிக் குடுத்ததே இல்ல அதெல்லாம். கண்ணுலருந்து தண்ணி வேற ஊத்துது. எனக்கே ஒரு நிமிசம் நெசமோன்னு ஆயிப் போச்சு. பொம்பளைங்களுக்கு ஆண்டவன் அந்தத் தெறமையக் குடுத்திருக்கான் தம்பி.

போன வச்சதும், "புள்ளை போட்டோ இருந்தாக் காமிண்ணே"ன்னா. "எங்க வீட்ல பொம்பளைங்கள போட்டோ எடுக்குற பழக்கம் இல்ல"ன்னேன். உள்ள எந்திரிச்சுப் போயிக் கதவச் சாத்திக்கிட்டா. இத்தன வருசம் கழிச்சு வந்திருக்கேன், ஒரு டீத்தண்ணி கூடக் குடுக்கல பாருங்க.

கம்பத்துல எறங்கி வீட்டுக்கு ஓடுறேன். ஓட்டந்தான், நடையில்ல. கதவத் தட்டினேன். தொறந்தா.

மொகத்த மூடல. தலைய மூடல. வீட்டு நைட்டியோட, ஈரத் தலைய அள்ளி முடிஞ்சுக்கிட்டு, பெத்த மக நிக்கிற மாதிரி நிக்கிறா. "அத்தா!"ங்கிறா. "நான் உங்களுக்கு மருமக அத்தா, குப்பி சொல்லிட்டாங்க!"ன்னு என் ரெண்டு கையையும் புடிச்சு அவ கன்னத்துல வச்சுக்கிட்டா. இதுக்குத்தானே தம்பி நான் செத்தேன்? இதுக்குத்தானே அல்லா பேருல பொய் சொல்ல வச்சேன்? ஒரு பார்வை பாத்தேன். ஒண்ணே ஒண்ணு. பொம்பளையாயிட்டா. வளந்த, முழுப் பொம்பளை. கண்ணக் கீழ போட்டவன் போட்டவன்தான், என்னால தூக்க முடியல. கையையும் உருவிக்கிட்டேன். அத்தாவுக்குச் சந்தோசத்துல பேச்சு வரலன்னு அவ நெனச்சுக்கிட்டா.

சகலைகிட்ட அவளே போன்ல சொல்லிட்டா. பால் உறவு இருக்குன்னா இருந்துட்டுப் போகட்டும்னுட்டாரு. பெட்டியப் பிரிச்சா. இத்தன வருசப் பேச்சையும் சேத்து வச்சுப் பேசுறா. பக்கத்துல உக்காந்து சோறு போடுறா, நான் தட்டப் பாத்துத் திங்கிறேன். தலை வலிக்குதா அத்தா, தைலம் தேச்சு விடவான்னு வர்றா, நான் கடையில வேலை இருக்குன்னு எந்திரிச்சு ஓடுறேன். கடையில உக்காந்தா ஒவ்வொரு பொம்பளையும் வந்து கறுப்புத் துணிய விரிக்கச் சொல்றா. சரக்கு இல்லன்னு சொல்லி அனுப்பிடுறேன். அதான் கடையையும் வேலைக்காரப் பொண்ணுகிட்ட விட்டுட்டு இப்படிப் பஸ் பஸ்ஸா ஏறிக்கிட்டுத் திரியுறேன்.

அவ மேல ஒரு தப்பும் இல்ல தம்பி. அவ சுத்தமா இருக்கா. அவளுக்கும் அல்லாவுக்கும் உள்ளதுன்னு சொன்னால்ல, அத அவளுக்கே தெரியாம நான் உருவிப் போட்டுட்டேன். உண்மையச் சொல்லிரலாம். சொன்னா என்னா ஆகும்? அன்னிக்கே மூடிக்குவா. கோயமுத்தூர் போயிருவா. இத்தன நாளு அன்னிய ஆம்பளை முன்னால தலைவிரிச்சு உக்காந்திருந்தேனேன்னு அந்தப் புள்ளை குமைஞ்சே செத்துரும். சொல்லாட்டி? நான் வாங்குற ஒவ்வொரு சோறும் திருட்டுச் சோறு. நீங்க படிச்சவரு மாதிரி இருக்கீங்க, நீங்க என்னா சொல்றீங்க? வேணாம், சொல்லாதீங்க. எதச் சொன்னாலும் என்னால செய்ய முடியாது.

இந்தா, அடிக்குது பாருங்க. அவதான். இப்பெல்லாம் வீடியோவுலதான் கூப்புடுறது. மொகத்தக் காட்டலாம்ல, அந்தச் சந்தோசம். நான் எடுத்ததும் காதோட வச்சு அமுக்கிக்குவேன். அத்தாவுக்குப் போனு பாக்கத் தெரியலன்னு சிரிப்பா. ஆங், அலோ. சொல்லும்மா. கேக்குது, கேக்குது. காதுதான் தெரியுதா? தெரிஞ்சுட்டுப் போகுது. பஸ்ஸுல வாறேன்மா. தனியா இல்ல, பக்கத்துல ஆளு இருக்காரு. அன்னிய ஆம்பளை உக்காந்திருக்காரும்மா.

பாத்தீங்களா? நீங்க இருக்கீங்கன்னதும், "ஒரு நிமிசம் அத்தா"ன்னு ஓடிட்டா. மூடிக்கிட்டு வர்றா. வந்துட்டா. "இப்பத் திருப்புங்க அத்தா"ங்கிறா. இப்பப் பாக்கலாம் தம்பி, இப்ப நான் நல்லாப் பாக்கலாம். அந்தா, கண்ணு மட்டும் தெரியுது. சிரிக்கிறா, கண்ணச் சுருக்கிக்கிட்டுச் சிரிக்கிறா. சாப்டியாடா என் தங்கம்? ரசம் வச்சியா? அத்தா நல்லா இருக்கேன்டா. பேசு, பேசு, நீ பேசிக்கிட்டே இரு.

என்னா, எந்திரிக்கிறீங்க? சின்னமனூரா? அதுக்குள்ளயா வந்துருச்சு? தம்பி, தம்பி, உக்காருங்க. நீங்க எறங்கிட்டா அவ தொறந்துருவா. வீரபாண்டியில எறங்கிக்கங்களேன், அங்கருந்து திரும்பி வர எம்புட்டோ வண்டி இருக்கு. ஒரே ஒரு ஸ்டாப்பு தம்பி.